முள்ளங்கி என்ற பெயரில் இருவர்

சாகாய், ஒசாகா
4 செப்டம்பர் 2023

மதிப்புக்குரிய இசோபே-சான் அவர்களுக்கு,

சிள்வண்டுகள் ஓய்ந்துவிட்டன. வெயில் மட்டும் இன்னும் போக மனமில்லாமல் நிற்கிறது. அங்கே மாட்சுயாமாவில் கடற்காற்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

திருமணத்துக்குப் பின் உங்கள் குடும்பப் பெயர் மோரிவாகி என்று மாறியது தெரியும். உறையின் மேல் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எழுதும்போது கை பழைய பெயருக்கே போகிறது. தவறென்றால் மன்னியுங்கள். நான் கசாஹரா நோபுயுகி. ஒகிதா நிறுவனத்தில் 1982 முதல் இரண்டு ஆண்டுகள் உங்களுக்கு இடப்பக்க மேசையில் இருந்தவன்.

விஷயத்துக்கு வர மூன்று முறை முயன்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

துறைமுகத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் நவம்பரில் ஒரு கண்காட்சி. அந்தக் காலத்தில் வீடியோ கேம் எழுதிய பன்னிரண்டு புரோகிராமர்களை ஒப்பிட்டு, யாருடைய புகழ் எதனால் வந்தது, எது தகுதியானது, எது மிகை என்று ஒரு கட்டுரையும் ஓர் அட்டவணையும் கேட்டிருக்கிறார்கள். பழைய பத்திரிகைகளை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருப்பவன் என்பதால் என்னைக் கேட்டார்கள் என்று நினைத்தேன். பதினொரு வரிகளை எழுதி முடித்தேன். பன்னிரண்டாவது வரி முள்ளங்கி.

உங்களுக்கு நினைவிருக்கும். போட்டி நிறுவனங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் தலைவர் ஒகிதா நம் யார் பெயரையும் திரையில் வரவிட்டதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர்; கரடி, ஆந்தை, ஈரத்துணி என்று மற்ற நிறுவனங்களிலும் அப்படித்தான். மதியச் சாப்பாட்டு டப்பாவில் தினமும் முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்த நீங்கள் முள்ளங்கி. ‘சந்து நாய்கள்’ விளையாட்டின் முடிவில் அந்தப் பெயர்தான் வரும். நீங்கள் விலகிய பிறகு இரண்டாம் பாகம் எழுத என்னை உட்கார வைத்தார். பெயரையும் என் தலையில் வைத்தார்.

“பேரு கம்பெனியோடது, ஆளோடது இல்ல. நாளையிலேர்ந்து நீதான் முள்ளங்கி. புரியுதா?”

தலையாட்டினேன்.

நிறுவனம் மூடியபின் பட்டப்பெயர்களின் பின்னால் இருந்த முகங்களைப் பத்திரிகைகள் தேடின. முள்ளங்கியாகக் கடைசியில் இருந்தவன் நான். எனவே மூன்று பாகங்களுக்கும் நானே முள்ளங்கி ஆகிப்போனேன். முதல் பாகம் உங்களுடையது. உயர்ந்தது அது ஒன்றுதான். என்னுடைய இரண்டும் அதைப் பார்த்து எழுதியவை. அட்டவணையில் உங்கள் பெயரை எழுத அனுமதி வேண்டும். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். இதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பணிவுடன்,
கசாஹரா நோபுயுகி


மாட்சுயாமா
12 செப்டம்பர் 2023

திரு. கசாஹரா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பார்த்துவிட்டு என் கணவர், “யாரு இது, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு? வரி ஆபீஸா?” என்று கேட்டார். பழைய அலுவலகத்து ஆள் என்றேன். “அந்த ஆபீஸா?” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த ஆபீசைப் பற்றி எங்கள் வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

அனுமதி இல்லை.

காரணம் கேட்பீர்கள். 1996 மார்ச் இதழில் உங்கள் பேட்டி வந்தது. விளையாட்டில் துரத்தி வரும் நாய்கள் மூலையில் நின்று மோப்பம் பிடிக்கும் யோசனை எப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தார்கள். “வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது தெருநாய்களைக் கவனித்துக்கொண்டே நடப்பேன்” என்று சொல்லியிருந்தீர்கள். எந்தத் தெரு? நீங்கள் அப்போது ரயில் நிலையத்துக்கு மேலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தீர்கள். நாய் வந்தால் எதிர்ச்சாரிக்குத் தாவுகிற ஆள் நீங்கள்.

நான் இங்கே நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் நீர்த்தேக்க மட்டம் பார்க்கும் புரோகிராம்களை எழுதினேன். ஒரு பிழைகூட வெளியே போகவில்லை. அதற்காக என்னை யாரும் முன்னோடி என்று அழைக்கவில்லை. நிம்மதியாக இருந்தேன். அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. புகழை எதை வைத்து அளக்கிறீர்கள்? ஆந்தையை எங்கே வைத்தீர்கள்?

மோரிவாகி மித்சுகோ


சாகாய்
16 செப்டம்பர் 2023

இசோபே-சான் அவர்களுக்கு,

அந்தப் பேட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பத்து முறையாவது படித்திருப்பேன். பேட்டி எடுத்தவரே, “தெருநாய்களைப் பார்த்தா தோணிச்சு?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிவிட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் அளவுகோலை வைத்து அளந்தேன், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பத்திரிகைகளில் ஒவ்வொருவரைப் பற்றியும் எத்தனை சென்டிமீட்டர் எழுதியிருக்கிறார்கள் என்று. கரடி முதலிடத்தில் வந்தார். அவர் எழுதிய விளையாட்டுகள் இரண்டு, தன்னைப் பற்றி எழுதிய புத்தகங்கள் ஐந்து. திரையைப் பக்கவாட்டில் தடங்கலின்றி நகர்த்தும் வழியைக் கண்டுபிடித்தவர் கோபேக்காரரான ஈரத்துணி. மற்ற பதினொரு பேரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அவருக்குக் கிடைத்தது பதினொரு சென்டிமீட்டர். அவர் இன்று எங்கே இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியவில்லை. அதோடு அளவுகோலை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

பிறகு ஒவ்வொருவரிடமிருந்தும் பிறர் எடுத்துக்கொண்டது என்ன என்று எழுத ஆரம்பித்தேன். அதில் ஆந்தை மேலே ஏறினார். பதினேழு விளையாட்டுகள், ஒன்றில்கூட வீண் வரி கிடையாது. 1991இல் இறந்தார். உயிரோடு இருந்தபோது அவரைச் சிடுமூஞ்சி என்றவர்கள் எல்லாம் இப்போது அவருடைய நண்பர்கள்.

சிக்கல் இங்கேதான். கண்காட்சியை நடத்தும் ஹிராகா என்பவர் ஆந்தைக்கு மேலே முள்ளங்கியை வைக்கச் சொல்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “ஆந்தையின் எதிரிகள் தவறே செய்வதில்லை. சைக்கிளில் டோஃபு விற்பவனைத் துரத்தும் முள்ளங்கியின் நாய்களோ, மூலை வந்ததும் ஒரு கணம் நிற்கின்றன. இயந்திரத்துக்குள் உயிரை முதலில் வைத்தவர் முள்ளங்கி.” மேலே வைத்தால் பக்கத்தில் என் முகத்தை வைப்பார்கள். கீழே வைத்தால் உங்கள் வேலையை நானே குறைத்தவன் ஆவேன். மூன்று நாளாக அந்த வரியை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். மனைவி, “அந்தத் தாள்ல என்னதான் தேய்ச்சுகிட்டே இருக்கீங்க?” என்கிறாள்.

தயவுசெய்து மறுபடி யோசியுங்கள்.

கசாஹரா


சாகாய்
17 செப்டம்பர் 2023

இசோபே-சான் அவர்களுக்கு,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும் வழியிலேயே மனம் உறுத்தத் தொடங்கிவிட்டது. இந்த அட்டையை அதற்காகவே எழுதுகிறேன். பேட்டியில் தலையாட்டினேன் என்று எழுதியது முழு உண்மை இல்லை. வாய் திறந்து சொன்னேன். நடக்கும் வழியில் ஒரு பழுப்பு நாய் இருந்தது என்றுகூடச் சொன்னேன். அந்த நாயை அவர்கள் அச்சில் விட்டுவிட்டார்கள்.

கசாஹரா


மாட்சுயாமா
27 செப்டம்பர் 2023

கசாஹரா,

பழுப்பு நாயைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு ‘திரு’ போட வரவில்லை. அலுவலகத்தில் உன்னை நீ என்றுதான் கூப்பிட்டேன், இனியும் அப்படித்தான்.

அந்த ஹிராகா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். உயிராம். அதனால் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வரிசையாகச் சொன்னால்தான் நம்புகிறவன், எனவே வரிசையாகச் சொல்கிறேன்.

நாய்கள் நின்றது என் பிழை. மூலைக்கு வந்ததும் நாய், டோஃபுக்காரன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணக்குப் போடும். கவனக்குறைவில் அதே கணக்கை இரண்டு தடவை போடும்படி எழுதிவிட்டேன். நம்முடைய அந்தக் காலத்துச் சிப்புக்கு அது பெரிய சுமை. அது கணக்குப் போட்டு முடிக்கும்வரை நாய் நிற்கும். மோப்பமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆறாம் பதிப்பில் அந்தப் பிழை இருந்தது. ஏழாம் பதிப்பில் ஐந்து வரியை எடுத்துச் சரிசெய்தேன். நாய்கள் காற்று மாதிரி ஓடின. ஆந்தையே பார்த்தால் தலைகுனிவான் என்று நினைத்தேன்.

ஆறும் ஏழும் புரோகிராமைப் பதிந்துவைக்கும் இரண்டு சிப்புகளில் உன் மேசையில் இருந்தன. சிப்பின் முதுகில் இருக்கும் கண்ணாடி வழியே வெளிச்சம் உள்ளே போனால் எழுதியது அழிந்துவிடும் என்று அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, அதிலேயே பதிப்பு எண்ணை எழுதுவோம். நான் ஒட்டிய ஸ்டிக்கர்களின் ஓரம் கிளம்பியிருந்தது. உனக்கு அது பொறுக்குமா? இரண்டையும் பிய்த்துப் போட்டுவிட்டு, புதிதாக இரண்டு வெட்டி, அழகாக 6, 7 என்று எழுதி ஒட்டினாய். மாற்றி ஒட்டினாய்.

ஷின்செகாய் பகுதியில் ஒரு விளையாட்டுக் கடையில் சோதனைக்கு வைத்த இயந்திரத்தில் நாய்கள் நிற்பதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பின்கதவைத் திறந்து பார்த்தேன். ஆறாம் பதிப்பின் முதுகில் உன் அச்சடித்த கையெழுத்தில் 7. தலைவரிடம் ஓடினேன்.

“சார், தப்பா பழைய சிப்பு உள்ள போயிடுச்சு. அரை மணி நேரத்துல மாத்திடறேன்.”

“வரிசையைப் பாத்தியா இசோபே? கதவு வரைக்கும் நிக்குது. கை வைக்காதே.”

“அது பிழை சார்.”

“பிழைன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். ரெண்டாவது பாகத்துலயும் நாய் நிக்கணும், சொல்லிட்டேன்.”

தெரிந்தே பிழை எழுத மாட்டேன் என்று நான்கு மாதத்தில் விலகினேன். கல்யாணத்துக்காகப் போகிறாள் என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். கல்யாணம் நடந்தது அடுத்த வருடம்.

உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே உன் ராஜினாமாக் கடிதத்தை நான்கு பிரதி எடுத்திருப்பாய். நீ எழுதிய இரண்டாம் பாகத்தைப் பிறகு கடையில் பார்த்தேன். என் பிழையை ஒரு நூலிழை பிசகாமல் நகல் எடுத்திருந்தாய்.

என் பெயரைப் போடுவதென்றால் இதையும் போடு. நான் எடுத்தெறிந்ததற்குப் புகழ் வாங்கிக்கொள்ள மாட்டேன். இரண்டும் சேர்ந்து வராது என்றால் இரண்டும் வேண்டாம்.

மித்சுகோ


சாகாய்
11 அக்டோபர் 2023

இசோபே-சான் அவர்களுக்கு,

நான் இரண்டாம் பாகத்தைக் கடையில் ஓடிய சிப்பிலிருந்து படித்துத்தான் எழுதினேன். நீங்கள் விட்டுச்சென்ற ஏழாம் பதிப்பின் அச்சுப்பிரதி என்னிடம் இத்தனை ஆண்டுகளும் பத்திரமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. இப்போது பார்த்தேன். அந்த ஐந்து வரிகள் அதில் இல்லை. ஒரு சமயத்தில் ஒரு ஸ்டிக்கரைத்தான் பிய்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிய்த்தேன். என் விரல் நகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

ஒழுங்கு ஒன்றுதான் எனக்கு இருக்கும் குணம் என்று நம்பி வாழ்ந்துவிட்டேன். அந்த ஒழுங்குதான் உங்களை வெளியே தள்ளியிருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு ஹிராகாவிடம் போனேன். நாற்பத்தாறு வயது, கண்ணியமானவர். படித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“சார், இதைப் போட்டா நான் யாருக்குன்னு பதில் சொல்றது? நுழைவாசல் சுவர் முழுக்க அந்த நாயைத்தான் வரைஞ்சு வச்சிருக்கோம்.”

“நடந்தது இதுதானே.”

“நடந்ததாவே இருக்கட்டும். ஆறு வயசுல அந்த நாய் நின்ன கணத்துலதான் நான் ஒவ்வொரு தடவையும் தப்பிச்சேன். என்னைப் பாத்து அது பாவப்பட்டுச்சுன்னு நெனச்சேன் சார். இப்போ வந்து ஸ்டிக்கர் மாறிப்போச்சுங்கறீங்க.”

“மன்னிச்சுக்கணும்.”

“ஒண்ணு பண்ணலாம். ‘உடன் பணியாற்றியோர் உதவியுடன்’னு ஒரு வார்த்தை சேத்துடலாம். அவங்களும் அதுல வந்துடுவாங்க இல்ல?”

நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். அவர் தேநீர் ஊற்றினார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அட்டவணை அச்சுக்குப் போய்விட்டது. முள்ளங்கி, ஆந்தைக்கு மேலே. பெயர்: கசாஹரா நோபுயுகி, உடன் பணியாற்றியோர் உதவியுடன்.

இந்தக் கடிதத்தை அனுப்பாமல் இருக்கவே விரும்பினேன்.

கசாஹரா


மாட்சுயாமா
16 அக்டோபர் 2023

கசாஹரா,

உடன் பணியாற்றியோர் நலம். உடன் பணியாற்றியோருக்கு இன்று முழங்கால் வலி. மற்றபடி உடன் பணியாற்றியோர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒரு தட்டை உடைத்துவிட்டார்கள்.

அவர் தேநீர் ஊற்றினாராம், நீ குடித்தாயாம்.

பெயர் வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். அதை மாற்றிக்கொள்கிறேன். என் பெயர் வேண்டும். பிழையோடு சேர்த்து வேண்டும். அந்தப் பிழையை எழுதியவள் நான், கண்டுபிடித்தவளும் திருத்தியவளும் நான். ஒகிதா அதை விற்றார், நீ நகல் எடுத்தாய், ஹிராகா அதற்கு உயிர் என்று பெயர் வைக்கிறார். எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு எனக்கு மிஞ்சியது ‘உடன்’.

பட்டப்பெயரை நீ வாங்கிக்கொண்டாய். குடும்பப் பெயரைக் கல்யாணத்தில் கொடுத்தேன். ஏழாம் பதிப்பை எழுதியவளை இன்று என்ன சொல்லிக் கூப்பிடுவது? போட்டால் இசோபே மித்சுகோ என்று போடு. மோரிவாகி வேண்டாம். அவள் நீர்த்தேக்கம் பார்த்தவள், அவளுக்கு இதில் சம்பந்தமில்லை.

முடியாதென்றால் இனிமேல் எழுதாதே.

மித்சுகோ


சாகாய்
6 நவம்பர் 2023

இசோபே-சான் அவர்களுக்கு,

எழுதாதீர்கள் என்றீர்கள். முடியாதென்றால் மட்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி எழுதுகிறேன்.

மூன்றாம் தேதி, பண்பாட்டு நாள் விடுமுறையில் கண்காட்சி திறந்தது. இருபது நிமிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அறுபது பேர் இருந்தார்கள், நின்றவர்களையும் சேர்த்து. எனக்குப் பின்னால் சுவரில் அட்டவணையும் அதில் என் முகமும். முதல் பக்கத்தில் கரடியையும் ஈரத்துணியையும் ஒப்பிட்டுப் பேசினேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன், அங்கே முள்ளங்கி. எழுதியிருந்த வாக்கியத்தைப் படிக்க வாய் வரவில்லை. முன்வரிசையில் ஒருவர், “மைக் வேலை செய்யலியா?” என்று கேட்டார்.

“வேலை செய்யுது. நான்தான் சரியில்ல” என்றேன். பிறகு சொல்லிவிட்டேன். உங்கள் பெயர், ஆறாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு, ஸ்டிக்கர், ஒகிதா, பழுப்பு நாய், எல்லாம். வரிசையாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

தொப்பி போட்ட ஒருவர் எழுந்தார். “அப்போ உங்க ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளு?”

“பிழை எழுதினது இசோபே-சான். திருத்தினதும் அவங்கதான்.”

“நீங்க?”

“ஸ்டிக்கர் ஒட்டினேன்.”

அறையே சிரித்தது. யாரோ கைதட்டவும் ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கைதட்ட இதில் என்ன இருக்கிறது?

ஹிராகா கடைசிவரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் பேசாமல் உள்ளே போனார். இனி என்னை இந்த வாசலில் சேர்க்க மாட்டார்கள் என்று நினைத்துக் குடையை எடுத்தேன். அவர் ஏணியையும் வெள்ளைத் தாளையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். “பேரைச் சொல்லுங்க சார். முழுப் பேர்” என்றார். கோபம் தீரவில்லை, ஆனால் தாளை நேராகப் பிடித்திருந்தார். என் படத்தை எடுத்துவிட்டோம். உங்கள் படம் இல்லாததால் அந்தச் சதுரம் காலி. ‘பிறர் எடுத்துக்கொண்டது’ என்ற கட்டத்தில், “மூலையில் நாய்களின் தயக்கம். இவர் இதைப் பிழை எனத் திருத்தினார், திருத்திய பதிப்பு வெளிவரவில்லை” என்று எழுதினேன்.

இன்னொன்று. உங்களை ஆந்தைக்குக் கீழே இறக்கிவிட்டேன். ஏழாம் பதிப்பை நாற்பது ஆண்டுகளில் ஒருவரும் ஆடியதில்லை. ஆடாத ஒன்றை வைத்து மேலே வைக்க என் மனம் இடம் தரவில்லை. கோபம் வந்தால் எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.

கசாஹரா


மாட்சுயாமா
22 நவம்பர் 2023

கசாஹரா,

ஆந்தைக்குக் கீழே என்பது சரி. ஆனால் கரடிக்கு நீ கொடுத்திருக்கும் இடம் அநியாயம், இன்னும் இரண்டு படி இறக்கு. ஈரத்துணியின் வரியில் ஆண்டு தவறு. 84 இல்லை, 83.

இதிலிருந்தே புரிந்திருக்கும். சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீ நிலையத்தில் அரைமணி முன்னதாக வந்து நின்று எல்லோரையும் படபடக்க வைப்பாய். கணவரும் வந்தார். “என்னதான் இருக்குன்னு நானும் பாக்கறேனே” என்றார்.

சுவரில் என் பெயரைப் பார்த்தேன். கையால் எழுதிய தாள், ஓரம் கிளம்பியிருக்கிறது. நீ அதைத் தொடாதே.

மூலையில் நம்முடைய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவனும் அவன் மனைவியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள், “பாரு பாரு, நாய் யோசிக்குது” என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “யோசிக்கல. ஒரே கணக்கை ரெண்டு தடவை போட்டுட்டு இருக்கு.”

அவன் திரும்பிப் பார்த்தான். “உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“நான் எழுதினது.”

“நீங்க... யாரு?”

நாற்பது வருடத்தில் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல உத்தரவு இல்லை. சொன்னேன். என் காதுக்கே யாரோ மாதிரி கேட்டது. அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தான். கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது சந்திலேயே செத்துப்போனேன். நாய் நிற்கும் என்பதை மறந்து என் கை ஏழாம் பதிப்பை ஆடியது. நாய் ஓடிப் போயிருக்கும் என்று மூலையில் திரும்பினால், அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது.

“அம்மாவுக்கே தெரியலியே” என்று அந்தப் பெண் சிரித்தாள். மறுபடி ஆடினேன்.

இசோபே மித்சுகோ